விலை உறையைப் பிரித்தார்கள். கூலிக் கணக்கைப் பிரிக்கவில்லை

அரசுப் பணிக்கு ஆள் எடுக்கும் அவுட்சோர்சிங் டெண்டர்களில் வெளிப்படைத்தன்மை பாதி வழியில் நின்றுவிடுகிறது. மீதி வழியில்தான் தொழிலாளியின் சம்பளம் இருக்கிறது.

2025 ஆகஸ்ட் 1-ஆம் தேதி சென்னை ரிப்பன் மாளிகை முன்பு தூய்மைப் பணியாளர்கள் உட்கார்ந்தார்கள். 13-ஆம் தேதி நள்ளிரவில் காவல்துறை அப்புறப்படுத்தும்வரை அவர்கள் எழுந்திருக்கவில்லை. ராயபுரம், திரு.வி.க. நகர் என்ற இரண்டு மண்டலங்களின் குப்பை அகற்றும் பணியைப் பத்தாண்டுகளுக்கு, 2,300 கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட தொகைக்கு, தனியார் நிறுவனத்திடம் ஒப்படைத்ததை எதிர்த்து எழுந்த போராட்டம் அது. தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் சுய உதவிக் குழுக்கள் வழியாகப் பல ஆண்டுகளாக வேலை செய்துவந்த சுமார் 2,000 பேர், மாநகராட்சியின் கீழேயே நீடிக்க வேண்டும், பணி நிரந்தரம் வேண்டும் என்று கேட்டார்கள். கூடவே ஒரு கணக்கையும் முன்வைத்தார்கள்: இதுவரை மாதம் சுமார் 23,000 ரூபாய் வாங்கினோம்; தனியாரிடம் போனால் அது 17,000 ரூபாய்க்கு இறங்கிவிடும். தனியாருக்கு விடும் தீர்மானத்தை ரத்து செய்ய மறுத்த சென்னை உயர் நீதிமன்றமும், அவர்கள் கடைசியாகப் பெற்ற ஊதியம் காக்கப்பட வேண்டும் என்பதை வலியுறுத்த வேண்டியிருந்தது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டெண்டர் விடப்பட்டது, மாமன்றம் தீர்மானம் போட்டது, நீதிமன்றமும் அந்தத் தீர்மானத்தில் கை வைக்கவில்லை. காகிதத்தில் எல்லாம் முறைப்படிதான் நடந்தது. ஆனாலும் 'இந்த ஒப்பந்தத்தில் என் கூலி எவ்வளவு?' என்ற கேள்விக்குப் பதிலை ஒரு தொழிலாளி நடைபாதையில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டியிருந்தது. பொதுப்பணத்தில் 2,300 கோடி எங்கே போகிறது என்பது ஊருக்குத் தெரிகிறது. அதில் தெருவைக் கூட்டுகிறவர் கைக்கு வருவது எவ்வளவு என்பது தெரிவதில்லை. நம் டெண்டர் முறையின் ஓட்டை இந்த இடத்தில்தான் இருக்கிறது. சிமெண்டும் கம்பியும் வாங்குவதற்காக உருவான வெளிப்படைத்தன்மையை வைத்துக்கொண்டு மனித உழைப்பை வாங்குகிறோம். பொருளை வாங்கும்போது ஏமாற்று பெரும்பாலும் விலை உறையைப் பிரிப்பதற்கு முன்பே நடந்து முடிந்துவிடும். உழைப்பை வாங்கும்போதோ உறையைப் பிரித்த பிறகு, மாதாமாதம் நடக்கிறது.

போட்டியாளருக்காக எழுதிய சட்டம்

அரசுக் கொள்முதலுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த முதல் மாநிலம் தமிழ்நாடு. 1998-ஆம் ஆண்டின் ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டமும், 2000-இல் வந்த அதன் விதிகளும் அந்தக் காலத்துக்குப் பெரிய பாய்ச்சல். 1999-இலேயே கர்நாடகம் அதே வழியில் ஒரு சட்டம் இயற்றியது. தமிழ்நாட்டுச் சட்டப்படி டெண்டர் அறிவிப்பை அதற்கான அறிவிதழில் வெளியிட வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் போனால் 30 நாள் அவகாசம் தர வேண்டும். தொழில்நுட்பத் தகுதி ஒரு உறையிலும் விலை இன்னொரு உறையிலும் இருக்கும் இரண்டு உறை முறை, பரிசீலனைக் குழு, ஏற்கும் அதிகாரி, முடிவில் குறை கண்டவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யும் உரிமை என்று ஒவ்வொரு படிக்கும் ஒரு காவல் வைத்தது அந்தச் சட்டம். அதற்கு முன்பு, தனக்கு வேண்டாதவர் டெண்டர் பெட்டிக்கு அருகில் வந்துவிடாமல் ஆள் நிறுத்தித் தடுத்த கதைகளை ஒப்பந்ததாரர்களே சொல்வார்கள். மின்னணுக் கொள்முதல் வந்ததும் அந்தத் தடையும் பெருமளவு விலகியது.

ஆனால் இந்தக் காவல்கள் யாரைக் காக்கின்றன என்று பார்க்க வேண்டும். ஒரு ஒப்பந்ததாரரிடமிருந்து இன்னொரு ஒப்பந்ததாரரையும், அவர்கள் எல்லோரிடமிருந்தும் கருவூலத்தையும் காக்கின்றன. மேல்முறையீட்டு உரிமை டெண்டர் போட்டவருக்கு மட்டும்தான். ஏற்கப்பட்ட டெண்டரின் விவரம் அறிவிதழில் வருவதோடு வெளிப்படைத்தன்மையின் கடமை முடிந்துவிடுகிறது. சாலை போடும் ஒப்பந்தத்துக்கு இது ஓரளவு போதும். சாலை மோசமானால் மழைக்காலத்தில் ஊரே பார்த்துவிடும். மருத்துவமனை வார்டில் இரவு முழுக்க நிற்கும் காவலாளிக்கு, வட்டாட்சியர் அலுவலகக் கணினி இயக்குநருக்கு, அரசுப் பள்ளியின் துப்புரவுப் பணியாளருக்குப் பேசிய சம்பளம் முழுதாகப் போய்ச் சேர்ந்ததா என்பதைப் பார்க்க எந்த மழைக்காலமும் வராது. அது பில்லுக்குள்ளும் பதிவேட்டுக்குள்ளும் புதைந்து கிடக்கிறது. அந்தக் காகிதங்களை வெளியிடச் சொல்லும் விதி கொள்முதல் சட்டத்தில் இல்லை.

ஒன்றரை ரூபாயின் பொருளாதாரம்

இந்தப் புதையலின் அளவைப் புரிந்துகொள்ள, ஆள் வழங்கும் டெண்டரின் கணக்கைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். எண்கள் எடுத்துக்காட்டுக்குத்தான், விகிதங்கள் நடைமுறையில் இருப்பவை. தினக்கூலி 500 ரூபாய், மாதம் 26 நாள் வேலை என்றால் கூலி 13,000 ரூபாய். வேலை கொடுப்பவர் தரப்பு பி.எஃப். பங்கு, நிர்வாகக் கட்டணம் உட்பட 13 விழுக்காடு: 1,690 ரூபாய். இ.எஸ்.ஐ. பங்கு 3.25 விழுக்காடு: ஏறத்தாழ 423 ரூபாய். ஆக ஒரு தொழிலாளிக்கு 15,113 ரூபாய். இந்தத் தொகையில் போட்டிக்கு இடமே இல்லை. எல்லாம் சட்டம் நிர்ணயித்தது. எனவே போட்டியிடுவதற்கு ஒப்பந்ததாரரிடம் மிச்சமிருப்பது 'சர்வீஸ் சார்ஜ்' என்ற ஒற்றை விழுக்காடுதான். குறைந்த விலை கேட்டவரே எல்-1, எல்-1-க்கே வேலை என்ற விதியின் கீழ் அந்த விழுக்காடு சுழியத்தை நோக்கி ஓடியது. சுழியம் கேட்டால் டெண்டரே செல்லாது என்று மத்திய நிதி அமைச்சகம் 2014-இல் சொன்னது. உடனே 0.01 விழுக்காடு வந்து உட்கார்ந்தது.

15,113 ரூபாயில் 0.01 விழுக்காடு என்பது ஒன்றரை ரூபாய். நூறு தொழிலாளர்களை ஒரு மாதம் மேய்ப்பதற்கு ஒப்பந்ததாரர் கேட்கும் கூலி 151 ரூபாய். அரசுப் பில் பாஸாக ஒரு மாதம் தாமதமானால், அதுவரை கையிலிருந்து போட்டுச் சம்பளம் கொடுக்க வாங்கும் 15 லட்சம் ரூபாய்க் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி என்றாலும் மாத வட்டி மட்டுமே 15,000 ரூபாய். சூப்பர்வைசர் சம்பளம், வங்கி உத்தரவாதம், சீருடை, அலுவலகச் செலவு எல்லாம் தனி. 151 ரூபாய்க்கு இந்த வேலையை எடுக்கிறவர் தர்மம் செய்ய வரவில்லை என்றால், லாபத்தை வேறு எங்கிருந்தோ எடுக்கப் போகிறார் என்று பொருள். நூறு பேர் வேலை செய்ததாகக் கணக்குக் காட்டித் தொண்ணூறு பேரை வைத்து ஓட்டினால் மாதம் 1,51,130 ரூபாய் மிஞ்சுகிறது. கேட்ட சர்வீஸ் சார்ஜைப் போல ஆயிரம் மடங்கு. பி.எஃப். கட்டாமல் விட்டால், 26 நாள் வேலையை 22 நாளாகக் காட்டினால், சீருடைக்கும் அடையாள அட்டைக்கும் பிடித்தம் செய்தால், வேலைக்குச் சேர்க்கவே 'டெபாசிட்' வாங்கினால் என்று வழிகள் நீள்கின்றன. தொழிற்சங்கங்கள் ஆண்டுக்கணக்காக அடுக்கிவரும் புகார்கள் இவை. இத்தனைக்கும் அந்த விலைப்புள்ளி ரகசியமாக இருக்கவில்லை. எல்லோர் முன்னிலையிலும் திறக்கப்பட்டது, குழு பரிசீலித்தது, அதிகாரி கையெழுத்திட்டார். தவறு கண் முன்னே எண்ணாக எழுதப்பட்டிருந்தும் அதைத் தவறு என்று படிக்க யாருக்கும் கடமை இல்லை.

இதற்கு மாற்றாக 2023-இல் மத்திய அரசு 3.85 விழுக்காடு என்று ஒரு தரை விகிதத்தை வைத்தது. நல்ல நோக்கம்தான், நூறு பேருக்கு 58,000 ரூபாய் என்பதில் ஓர் ஒழுங்கான நிறுவனம் தாக்குப்பிடிக்கக்கூடும். ஆனால் போட்டி வேறு பக்கம் திரும்பியது. எல்லோரும் அதே 3.85 விழுக்காட்டைக் கேட்க, ஒரே டெண்டரில் எல்-1 கூட்டமே உருவாகும் நிலை வந்தது. 2016-இல் தொடங்கிய 'ஜெம்' என்ற அரசு மின்சந்தையில் சமநிலை வந்தால் கணினியே குலுக்கல் முறையில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறது. குலுக்கல் பிடிக்காத அலுவலகங்கள் தகுதி நிபந்தனைகளை இறுக்குகின்றன. இத்தனை கோடி வரவு செலவு, இதே வகைத் துறையில் இத்தனை ஆண்டு அனுபவம், இதே மாவட்டத்தில் அலுவலகம் என்று வடிகட்டினால் கடைசியில் யார் மிஞ்சுவார் என்பதை நிபந்தனை எழுதும்போதே சொல்லிவிட முடியும். விலையைப் பார்த்து ஆள் எடுக்கும் முறை தோற்றுப்போனதற்குக் குலுக்கலே சாட்சி. எல்லோரும் ஒரே விலை கேட்கும் இடத்தில், முந்தைய ஒப்பந்தங்களில் சம்பளத்தைச் சரியாகக் கொடுத்தவர் யார் என்ற பதிவு ஒன்றுதான் நேர்மையான அளவுகோலாக இருக்க முடியும். அந்தப் பதிவு பொதுவெளியில் இல்லாததால் அதிர்ஷ்டத்தை நம்புகிறோம்.

மொத்த விலையில் மறையும் கூலி

ஆள் வழங்கும் டெண்டரிலாவது கூலி தனி வரியாகத் தெரியும். மொத்த வேலையையும் ஒரே விலைக்குக் கொடுக்கும் ஒப்பந்தத்தில் அதுவும் மறைந்துவிடும். 2000-ஆம் ஆண்டில் ஓனிக்ஸ் நிறுவனம் சென்னையின் மூன்று மண்டலங்களில் குப்பை அள்ள வந்தது முதல் நகரம் இதைப் பார்த்துவருகிறது. அன்றைக்கு டன் கணக்கில் பணம். எடை கூடினால் வருமானம் கூடும் என்பதால் குப்பையோடு கட்டட இடிபாடும் லாரி ஏறுகிறது என்ற புகார் எழுந்தது. பிறகு நிறுவனங்கள் மாறின, மண்டலங்கள் கூடின. 2020-இல் தெற்குப் பகுதியின் ஏழு மண்டலங்களைக் கொடுத்தபோது எடையை விட்டுச் செயல்திறன் குறியீடுகளின்படி பணம் தரும் முறை வந்தது. தெரு எத்தனை முறை பெருக்கப்பட்டது, குப்பை தரம் பிரிக்கப்பட்டதா, புகாருக்கு எத்தனை மணி நேரத்தில் தீர்வு என்று பலவற்றையும் அளக்கிறார்கள். குடிமக்கள் பார்வையில் இது முன்னேற்றம். வண்டி, இயந்திரம், எரிபொருள், ஆள், லாபம் எல்லாம் கலந்த ஒரே விலையில் ஆள் செலவு எவ்வளவு என்ற கேள்வி மட்டும் அளவுகோலுக்கு வெளியே நிற்கிறது. அப்படிப்பட்ட ஒப்பந்தத்தில் எந்தச் செலவு ஏறினாலும் அதைச் சரிக்கட்ட எளிதாகக் குறைக்கக்கூடியது கூலிதான். டீசல் விலையை நிறுவனத்தால் குறைக்க முடியாது.

சென்னையோடு இது முடியவில்லை. 2022-இல் வந்த அரசாணை 152, பிற மாநகராட்சிகளில் பல பணியிடங்களை அவுட்சோர்சிங் வழிக்கு மாற்றியது. தூய்மைப் பணிக்கு மாவட்ட ஆட்சியர் நிர்ணயிக்கும் தினக்கூலி ஒன்று இருக்க, ஒப்பந்ததாரர் கொடுப்பது வேறொன்றாக இருக்கிறது என்பது ஊருக்கு ஊர் உள்ளாட்சித் தொழிலாளர்கள் எழுப்பும் கோரிக்கை. டெண்டர் மதிப்பீட்டில் எந்தக் கூலி விகிதத்தை வைத்துக் கணக்குப் போட்டார்கள் என்பது அறிவிப்பிலேயே அச்சாகியிருந்தால், இந்தத் தகராறில் பாதி தொடங்கும் முன்பே முடிந்திருக்கும்.

கையெழுத்து ஏற்கெனவே இருக்கிறது

புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஒப்பந்தத் தொழிலாளர் சட்டம் 1970-இலேயே இதை யோசித்திருந்தது. ஒப்பந்ததாரர் சம்பளம் கொடுக்கத் தவறினால், வேலையை ஒப்பந்தத்துக்கு விட்ட முதன்மை வேலையளிப்பவர் கொடுத்துவிட்டு, ஒப்பந்ததாரரின் தொகையில் கழித்துக்கொள்ள வேண்டும் என்றது அது. சம்பளம் வழங்கும் நேரத்தில் முதன்மை வேலையளிப்பவரின் பிரதிநிதி ஒருவர் நேரில் இருக்க வேண்டும் என்றது. இந்தத் தொகை இன்ன தேதியில் இன்ன இடத்தில் என் முன்னிலையில் வழங்கப்பட்டது என்று ஊதியப் பதிவேட்டின் கடைசியில் அவர் சான்றளிக்க வேண்டும் என்பது மத்திய விதி. அரசு அலுவலகம் முதன்மை வேலையளிப்பவராக இருக்கும் இடத்தில் அது ஓர் அரசு அதிகாரியின் கையெழுத்து. பிரதிநிதி வங்கி வாசலில் நின்று பார்த்துக் கையெழுத்திட்டாரா, மேஜையில் அடுக்கி வைத்த பதிவேட்டில் மொத்தமாக இட்டாரா என்பது அவருக்கே வெளிச்சம். அந்தப் பக்கம் பொதுமக்கள் பார்வைக்கு வந்ததே இல்லை என்பதால்தான் அதில் கையெழுத்திடுவது இவ்வளவு சுலபமாகிவிட்டது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் பழைய சட்டத்தின் இடத்தைப் பிடித்திருக்கின்றன. தூய்மைப் பணி, காவல் பணி போன்றவற்றை மையப் பணி என்ற வரையறைக்கு வெளியே பொதுவாக நிறுத்தியதால் அவற்றை ஒப்பந்தத்துக்கு விடுவது இன்னும் எளிது. சம்பளம் நின்றால் முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பு என்பது மட்டும் புதிய தொகுப்பிலும் தொடர்கிறது. பொறுப்பு அரசுடையது என்றால், அதை நிறைவேற்றியதற்கான சான்றும் பொது ஆவணம்தான்.

இந்த வாதத்துக்கு வரலாறும் துணை நிற்கிறது. தகவல் அறியும் உரிமை என்ற கோரிக்கை இந்தியாவில் மக்கள் இயக்கமாக வளர்ந்ததே கூலிக் கணக்கிலிருந்துதான். 1990-இல் ராஜஸ்தானில் தொடங்கிய மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன், பஞ்சப் பணிகளில் வேலை செய்தவர்களின் மஸ்டர் ரோலை, அதாவது வருகை, கூலிப் பட்டியலை, காட்டு என்று கேட்டது. 1994 இறுதியில் தொடங்கிய பொது விசாரணைகளில் அந்தப் பட்டியல்களை ஊர் நடுவே உரக்கப் படித்தபோது, வேலையே செய்யாதவர்கள் பெயர்களும் கட்டப்படாத கட்டடங்களின் கணக்குகளும் வெளியே வந்தன. அந்த நெருப்பு 2005-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டமாக முடிந்தது. அதே ஆண்டு வந்த ஊரக வேலை உறுதிச் சட்டம், யார் எத்தனை நாள் வேலை செய்தார், எவ்வளவு கூலி வரவானது என்பதை இணையத்தில் எவரும் பார்க்கும்படி செய்தது. சமூகத் தணிக்கையைக் கட்டாயமாக்கியது. ஏரி வேலைக்குப் போன பாட்டியின் கூலிக் கணக்கைக் கோடிக்கணக்கில் வெளியிட முடிந்த அரசுக்கு, தலைமைச் செயலகத்தைக் கூட்டுகிறவரின் கணக்கை வெளியிட முடியாது என்று எப்படிச் சொல்ல முடியும்?

மறுப்புகளும் பதில்களும்

முதல் மறுப்பு வணிக ரகசியம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(டி) பிரிவு, போட்டி நிலையைப் பாதிக்கும் வணிகத் தகவல்களுக்கு விலக்குத் தருகிறது. செலவுக் கணக்கை வெளியிட்டால் நிறுவனம் அடுத்த டெண்டரில் தோற்கும் என்பார்கள். ஆனால் அதே பிரிவே பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்றும் சொல்கிறது. ஒப்பந்தம் கிடைத்த பிறகு கூலி விகிதம், ஆள் எண்ணிக்கை, பி.எஃப். கட்டிய தேதி ஆகியவற்றில் ரகசியம் என்ன இருக்கிறது? சட்டம் நிர்ணயித்த கூலியைச் சட்டப்படி கொடுக்கிறேன் என்பது தொழில் நுணுக்கம் ஆகாது. தனியுரிமை பற்றிய கவலை நியாயமானது. அதற்குத் தீர்வும் சுலபம்: வங்கிக் கணக்கு எண், ஆதார், தொலைபேசி எதுவும் வேண்டாம், பணியிடம் வாரியாக எத்தனை பேர், எத்தனை வேலை நாள், எவ்வளவு தொகை என்பதை ஊருக்கு வெளியிட்டுவிட்டு, தன் பெயருக்கு எதிரே உள்ள வரியைத் தொழிலாளி தானே பார்க்க வழி செய்தால் போதும்.

இரண்டாவது மறுப்பு, சம்பளம் இப்போது வங்கிக் கணக்குக்கே போகிறதே என்பது. வங்கிப் பட்டுவாடா பெரிய தடுப்புதான். ஆனால் வேலை செய்த நாள்களின் எண்ணிக்கையையே குறைத்து எழுதினால் வங்கிக்கு அது தெரியாது. கணக்கில் ஏறிய பணத்தில் ஒரு பகுதியை மேஸ்திரி திரும்பக் கேட்டாலும் தெரியாது. பில்லோடு இணைக்கும் பி.எஃப். செலானில் மொத்தத் தொகை சரியாக இருக்கலாம். அதில் உள்ள பெயர்கள் இந்த அலுவலகத்தில் வேலை செய்பவர்களுடையவைதானா, அதே செலான் இன்னொரு அலுவலகத்தின் பில்லோடும் போயிருக்கிறதா என்பதை ஒப்பிட்டால்தான் தெரியும். ஒப்பந்ததாரர் பி.எஃப். கட்டியதை முதன்மை வேலையளிப்பவரே பார்த்துக்கொள்ளும் வசதியை வருங்கால வைப்பு நிதி நிறுவனம் தன் இணையதளத்தில் தந்து ஆண்டுகள் ஆகின்றன. அதைத் திறந்து பார்ப்பதைப் பில் பாஸ் செய்யும் முன் கட்டாயமாக்குவது ஒரு சுற்றறிக்கை வேலை.

மூன்றாவது மறுப்பு எதிர்த் திசையிலிருந்து வருகிறது, கனமானதும் அதுதான். அவுட்சோர்சிங்கே தவறு, அதை வெளிப்படையாக்குவது தவறுக்குப் பூச்சு பூசுவது என்கின்றன தொழிற்சங்கங்கள். நிரந்தரத் தன்மையுள்ள வேலைக்கு நிரந்தர ஆள் வேண்டும் என்ற அந்த வாதத்துக்கு நீதிமன்றங்களில் வலு கூடிவருகிறது. 2006-இல் உமாதேவி வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு பின்வாசல் நியமனங்களுக்குக் கதவடைத்தது. அந்தத் தீர்ப்பையே கேடயமாக்கி ஆண்டுக்கணக்கில் தற்காலிகமாக வைத்திருப்பதையும், அவுட்சோர்சிங்கைச் சுரண்டலின் மறைவிடம் ஆக்குவதையும் 2024, 2025 தீர்ப்புகளில் உச்ச நீதிமன்றமே கண்டித்திருக்கிறது. இடைத்தரகர் இல்லாமலும் முடியும் என்பதற்கு முன்மாதிரி உண்டு: ஆந்திரப் பிரதேசம் 2019-இல் அவுட்சோர்சிங் பணியாளர்களுக்கென்றே அரசுக் கழகம் அமைத்துச் சம்பளத்தை நேராகக் கொடுக்க முன்வந்தது, 2021-இல் ஹரியானாவும் அப்படி ஒன்றை அமைத்தது. இவற்றாலும் பணி நிரந்தரம் வந்துவிடவில்லை, கமிஷன் மட்டும் நடுவிலிருந்து நகர்ந்தது. எனினும் அவுட்சோர்சிங்கை எதிர்ப்பவர்களுக்கே வெளிப்படைக் கணக்கு முதலில் தேவை. தனியாருக்கு விட்டதால் அரசுக்கு மிச்சமான பணம் திறமையால் மிச்சமானதா, கூலியைக் குறைத்ததால் மிச்சமானதா என்பதைக் கணக்கு இல்லாமல் எந்த மேடையிலும் நிரூபிக்க முடியாது. அரசுத் தரப்பு வாதத்தின் உயிர் 'சிக்கனம்' என்ற சொல்லில் இருக்கிறது. அந்தச் சிக்கனத்தின் மூலம் எது என்பது தெரிந்தால் விவாதம் தானாகத் தடம் மாறும்.

நான்காவதாக, ஏற்கெனவே ஆள் பற்றாக்குறையில் திணறும் அலுவலகங்களுக்கு இது கூடுதல் சுமை என்பார்கள். சுமைதான். ஆனால் வருகைப் பதிவு, பில், செலான் எல்லாம் இப்போதும் மாதாமாதம் அலுவலகத்துக்கு வந்துகொண்டுதான் இருக்கின்றன. வந்ததை வெளியிடுவதுதான் மிச்சம். சரிபார்க்கும் வேலையைத் தொழிலாளியும் தொழிற்சங்கமும் வார்டு மக்களும் சம்பளம் இல்லாமல் செய்து தருவார்கள். 2022 முதல் நகர்ப்புறங்களில் கூட்டப்படும் பகுதி சபைகளில் தெருவிளக்குக் கணக்கோடு இந்தக் கணக்கையும் வாசிக்கலாம்.

எதைச் செய்ய வேண்டும் என்பது இந்தப் பதில்களிலேயே அடங்கியிருக்கிறது. ஆள் உழைப்பு முக்கியப் பங்கு வகிக்கும் எந்த டெண்டரிலும் கூலி, சட்டப்படியான பங்குகள், சர்வீஸ் சார்ஜ் மூன்றையும் தனித்தனி வரிகளாக அறிவிப்பிலேயே அச்சிட வேண்டும். மொத்த விலை ஒப்பந்தமாக இருந்தாலும் ஆள் செலவு தனியாகத் தெரிய வேண்டும். செலவுக்கே கட்டாத சர்வீஸ் சார்ஜ் கேட்டவரிடம், லாபம் எங்கிருந்து வரும் என்று எழுத்தில் விளக்கம் கேட்டு, அந்த விளக்கத்தை விலைப்புள்ளியோடு வெளியிட வேண்டும். மாதப் பில், வேலை நாள் கணக்கு, பி.எஃப். ஒப்பீடு, அதிகாரியின் சான்று நான்கும் பணம் பட்டுவாடா ஆன வாரத்திலேயே இணையத்தில் ஏற வேண்டும். சம்பள நிலுவை வைத்தவர் யார் என்ற பதிவு அடுத்த டெண்டரில் மதிப்பெண்ணாக வேண்டும். இதற்கெல்லாம் காத்திருக்கத் தேவையில்லை. கொள்முதல் விதிகளில் திருத்தம் கொண்டுவர அரசுக்கு இன்றே அதிகாரம் இருக்கிறது. 1998-இல் யாரும் கேட்காத அளவுக்கு டெண்டர் பெட்டியைத் திறந்து காட்டிய மாநிலம் இது. கால் நூற்றாண்டு கழித்து, அந்தச் சட்டம் காக்க மறந்த ஒரு தரப்பை, அதாவது டெண்டரில் விலைபோகும் உழைப்புக்குச் சொந்தக்காரரை, அதற்குள் சேர்க்க வேண்டிய முறை இப்போது வந்திருக்கிறது. அந்தத் திருத்தம் வரும்வரை எந்த அவுட்சோர்சிங் ஒப்பந்தத்தையும் வெளிப்படையானது என்று அரசு சொல்லிக்கொள்ளக் கூடாது.